ஒட்டுக்கன்றுக்கு ஏன் ஒரே பேர்?

வெளிநாட்டில் பீச் கன்றோ பிளம் கன்றோ வாங்கினால் அதில் ஒரு அட்டை கட்டித் தருவார்கள். அட்டையில் ரெண்டு பேர் இருக்கும். ஒன்று பழத்தின் பேர், இன்னொன்று வேரின் பேர். கலிபோர்னியாவில் வேருக்கு நேரே 'நெமாகார்டு' என்று போட்டிருந்தால், வேர்முடிச்சு நூற்புழு உள்ள நிலத்திலும் தைரியமாக நடலாம் என்று அர்த்தம். பிரான்சிலிருந்து வந்த 'ஜி.எஃப். 677' என்று இருந்தால், சுண்ணாம்பு மண்ணிலும் இலை வெளுக்காது. அது பீச்சையும் பாதாமையும் கலந்து எடுத்த வேர். பழம் என்னவோ அதே பழம்தான். மண்ணுக்கு ஏற்ற மாதிரி காலை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள்.

ரெண்டு மாசமாக இந்த மாதிரி விஷயங்களைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். காஞ்சிபுரம் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு பீச்சைப் பற்றிப் படிப்பானேன் என்று கேட்கலாம். பீச், பிளம், செர்ரி எல்லாம் குளிர் கேட்கும் மரங்கள். குளிர்காலத்தில் இத்தனை மணி நேரம் குளிர்ந்தால்தான் மொட்டு விழிக்கும். கொடைக்கானல், குன்னூர்ப் பக்கம் போனால் பார்க்கலாம். எங்கள் காவாந்தண்டலத்து வெயிலில் வாய்ப்பே இல்லை. ஆனால் கல் கனி என்பது அந்தக் குடும்பத்தின் சொத்து கிடையாது. மேலே தோல், நடுவில் சதை, உள்ளே கல் மாதிரி ஒரு ஓடு, ஓட்டுக்குள் பருப்பு. தாவரவியலில் இந்த அமைப்புக்கு ட்ரூப் என்று பேர். அந்தக் கணக்கில் மாங்காய் சுத்தமான கல் கனி. பனங்காயும் தேங்காயும்கூட அந்த இனம்தான். அது வேறு கதை.

மாங்கன்றுக்கு மட்டும் ஏன் ஒரே பேர் என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை, நிலத்திலிருந்து வந்தது. பல வருஷம் முன்னால் எங்கள் மேட்டு நிலத்தில் பங்கனபள்ளி ஒட்டுக்கன்று 22 வைத்தோம். எல்லாம் ஒரே நாளில் ஒரே இடத்தில் வாங்கியது. ஒரே அளவுக் குழி, ஒரே எரு, ஒரே போர்த் தண்ணி. அந்தத் தண்ணி கொஞ்சம் உவர்ப்பு, அதுவும் உண்மை. நாலு வருஷத்தில் பார்த்தால் 22 கன்றும் 22 விதமாக நிற்கிறது. சிலது தளதளவென்று ஆள் உயரம் தாண்டிவிட்டது. சிலதுக்கு இலை நுனி கருகி, ஓரம் கருகி, கோடைக்குக் கோடை இலை கொட்டுகிறது. ஏழு செத்தே போனது. மேலே கட்டிய குச்சி எல்லாம் பங்கனபள்ளி. ஒட்டுக்கட்டுவது என்பது நகலெடுப்பதுதானே, மேல் பாகத்தில் வித்தியாசம் இருக்க வழியில்லை. அப்படியானால் வித்தியாசம் கீழே இருக்க வேண்டும்.

வாங்கின இடத்துக்கே போய்க் கேட்டேன்.

"மேல கட்டினது பங்கனபள்ளி சார். அதுல சந்தேகமே வேணாம்."

"கீழ?"

"கீழ கொட்டைச் செடி."

"எந்த மரத்துக் கொட்டை?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "கூழ் ஃபேக்டரில இருந்து லாரில வரும் சார். அதுல எது எதுன்னு யார் பார்க்கிறது?"

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆராய்ச்சியாளர்களே பார்க்காததை அவர் ஏன் பார்க்க வேண்டும்? என் வருத்தம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மா பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். மரத்தின் வயது இருக்கும். இடைவெளி மீட்டர் கணக்கில் இருக்கும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து கிராம் கணக்கில் இருக்கும். எந்த மருந்தை எத்தனை மில்லி கலந்து எந்தத் தேதியில் அடித்தார்கள் என்று இருக்கும். வேர் எது என்று தேடினால், நான் படித்தவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரு வார்த்தை இல்லை. மிஞ்சிப் போனால் 'உள்ளூர் நாற்றின் மேல் ஒட்டுக்கட்டிய மரங்கள்' என்று ஒரு வரி. ஒரு நோய் ஒரு மரத்தைத் தாக்கி பக்கத்து மரத்தை விட்டது என்றால், அந்த ரெண்டு மரத்தின் வேரும் வேறு வேறு ஜாதகம் என்கிற செய்தி கணக்கிலேயே வராது. சோதனைத் திட்டத்தில் அதற்குப் பேர் 'பிழை'. புள்ளியியல் கழித்துக்கொள்ளும்.

2020இல் அல்போன்சா மாவின் முழு மரபணுத்தொகையைப் படித்து வெளியிட்டார்கள். பெரிய சாதனை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் தோப்பில் நிற்கிற ஒரு அல்போன்சா மரத்தில் ரெண்டு மரபணுத்தொகை இருக்கிறது. மண்ணுக்கு மேலே ஒன்று, மண்ணுக்குக் கீழே ஒன்று. படித்தது மேலே இருப்பதை மட்டும்.

கொட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் சொன்னால்தான் இதன் கனம் புரியும். மாங்கொட்டையில் ரெண்டு வகை உண்டு. ஒரு வகையில் ஒரே ஒரு கரு. அது மகரந்தம் சேர்ந்து உண்டானது, அதாவது அப்பா அம்மா ரெண்டு பேர் கலவை. அம்மா தெரியும், அப்பா பெரும்பாலும் தெரியாது. எந்த ஈ எந்த மரத்தில் உட்கார்ந்துவிட்டு வந்ததோ! வட இந்திய ரகங்களும் நம் பங்கனபள்ளி, கிளிமூக்கு, நீலம், மல்கோவாவும் இந்த வகை. இந்த வகைக் கொட்டையில் முளைக்கிற ஒவ்வொரு கன்றும் தனி ஆள். இன்னொரு வகைக் கொட்டையில் பல கரு இருக்கும். ஒரு கொட்டையைப் போட்டால் மூன்று நாலு முளை எட்டிப் பார்க்கும். அவற்றில் பெரும்பாலானவை கலவையே இல்லாமல், தாய் மரத்தின் சூல் திசுவிலிருந்து நேராக எழுந்தவை. தாயின் அச்சு. கேரளத்து ஓலூர், சந்திரகாரன், குருக்கன், தெற்கே பேர்போன வெள்ளைக்கொளம்பான் எல்லாம் இந்த ஜாதி. எலுமிச்சை, நாரத்தைக் குடும்பத்திலும் இதே சங்கதி உண்டு. அங்கே 2017இல் அதற்குக் காரணமான மரபணுவைப் பிடித்தார்கள். மாவிலும் அதே குடும்பத்து மரபணுவைத்தான் பிறகு காட்டியிருக்கிறார்கள்.

இதிலிருந்து விவசாயிக்கு என்ன கிடைக்கும்? பல கருக் கொட்டையை வேர்ச்செடியாக வைத்தால் 22 கன்றுக்கும் ஒரே வேர் கிடைக்கும். கூழ் ஃபேக்டரிக் கொட்டையை வைத்தால் 22 கன்றுக்கு 22 வேர். எனக்கு நடந்தது ரெண்டாவது.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. தெரிந்த சங்கதி என்பதுதான் எரிச்சலே. அல்போன்சாவை வெள்ளைக்கொளம்பான் வேரில் கட்டினால் மரம் குட்டையாக நிற்கிறது என்று பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் பார்த்திருக்கிறார்கள். குருக்கன் உப்பைத் தாங்குகிறது என்று பல வருஷமாக எழுதி வருகிறார்கள். எழுதியது எழுதினபடி இருக்கிறது. நர்சரிக்கு லாரியில் வருவது ஃபேக்டரிக் கொட்டைதான்.

ஒப்பிட்டுப் பார்க்க இஸ்ரேல் நல்ல உதாரணம். மா அந்த ஊர் மரமே அல்ல. தண்ணியில் உப்பு, மண்ணில் சுண்ணாம்பு. அவர்கள் முதலில் தேடியது பழத்தை அல்ல, வேரை. பல கரு வகை நாற்றுகளை அந்த மண்ணிலும் தண்ணியிலும் விட்டுப் பார்த்து, தாக்குப்பிடித்த ஒன்றை எடுத்தார்கள். அதற்கு வைத்த பேர் '13-1'. வரிசை எண்ணே பேராகிவிட்டது! 1980இல் அதை அறிவித்தபோது அது ஒரு ஆய்வுக் குறிப்பு. பிறகு அந்த நாட்டு மாந்தோப்புக்கு அதுதான் அஸ்திவாரம். ஆயிரக்கணக்கான ரகங்கள் பிறந்த நம் நாட்டில் அப்படிப் பேர் சொல்லிக் கேட்டு வாங்குகிற ஒரு வேர் கிடையாது. உத்திரமேரூர் சந்தையில் நின்று 'குருக்கன் வேர்ல கட்டின பங்கனபள்ளி இருக்கா' என்று கேட்டுப் பாருங்கள்.

உத்திரமேரூர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை எல்லோரும் குடவோலைத் தேர்தலுக்காகப் பேசுகிறோம். 921ஆம் ஆண்டின் அந்தக் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர் என்று இருக்கிறது. ஏரியை நம்பிப் பிழைத்த ஊரில், தோட்டத்துக்கு ரெண்டு மடங்கு ஆள். அவர்கள் என்ன மரத்தைக் கவனித்தார்கள் என்று கல் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பேரிலும் கா, தண்டலை என்று ரெண்டு சோலை இருப்பதாக நானாகச் சொல்லிக்கொள்வதுண்டு. கல்வெட்டு அறிஞர்கள் அடிக்க வர வேண்டாம், இது என் ஆசைக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொட்டையைப் பார்க்காமல் விட்டதற்கு வேரைவிடப் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. அல்போன்சா பழம் வெளியே தங்கம் மாதிரி இருக்கும். வெட்டினால் கொட்டையை ஒட்டி வெள்ளையாக, பஞ்சு மாதிரி, புளித்துப்போய் ஒரு பகுதி. இதைப் பஞ்சுச் சதை நோய் என்கிறார்கள். நோய் என்றாலும் இதில் பூஞ்சையும் இல்லை, புழுவும் இல்லை. அல்போன்சா விளைச்சலில் 30 விழுக்காடு வரை இதனால் போகும் என்று எழுதுகிறார்கள். வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் ஏற்றுமதி பண்ணுகிறவனுக்கு வயிற்றில் நெருப்பு. இதைப் பற்றி சீமாவும் தானியும் முதலில் எழுதியது 1934இல். அதிலிருந்து சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றார்கள், நொதிகள் என்றார்கள், மண்ணிலிருந்து ஏறும் வெக்கை என்றார்கள். வெக்கைக்கு ஆதாரமும் இருந்தது. தரையில் மூடாக்குப் போட்டால் பாதிப்பு குறைந்தது. எல்லா ஆராய்ச்சியும் சதையைச் சுற்றியே நடந்தது. கெட்டது சதை, அதனால் சதையைப் பார்த்தார்கள்.

2004இலும் 2006இலும் பெங்களூரில் ரவீந்திராவும் சிவசங்கரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ரெண்டு கட்டுரை எழுதினார்கள். காரணம் கொட்டை என்றார்கள். மாங்கொட்டை நெல் மாதிரி காய்ந்து தூங்குகிற விதை இல்லை. ஈரமாகவே இருந்து, சமயம் வந்ததும் முளைக்கப் பார்க்கிற விதை. அல்போன்சாவில் சில பழங்களில், பழம் மரத்தில் இருக்கும்போதே உள்ளே பருப்பு முளைக்கிற வேலையை ஆரம்பித்துவிடுகிறது. அதற்கு வேண்டியதைப் பக்கத்தில் இருக்கிற சதையிலிருந்து இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் கெடுதல் கொட்டையை ஒட்டி ஆரம்பித்து வெளியே பரவுகிறது.

எனக்கு இந்தக் கட்டுரைகள் பிடித்ததற்குக் காரணம் அவை சொன்ன விடை மட்டும் இல்லை. வெக்கைதான் காரணம் என்று சொன்னவர்களின் ஆதாரத்தையும் இந்த விளக்கம் தூக்கிப் போடவில்லை. வெக்கை முளைப்பைத் தூண்டியிருக்கலாம், மூடாக்கு அதைத் தடுத்திருக்கலாம் என்று ரெண்டையும் சேர்த்து வாசிக்க முடிகிறது. இன்னொன்றும் இருக்கிறது. கொங்கணத்தில் 1992இல் 'சிந்து' என்று ஒரு ரகம் வெளியிட்டார்கள். அதன் கொட்டை மெலிந்து கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் இருக்கும். அதற்குப் பஞ்சுச் சதைத் தொல்லையும் இல்லை. அதற்கு அம்மாவான 'ரத்னா'வுக்கும் அந்தத் தொல்லை இல்லை என்பதால் இதைத் தனியாக ஆதாரம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு சைகை அங்கே இருந்தது. நாற்றம் வந்த இடத்தை ஒட்டியே கொட்டை இருந்தும், அதைக் கேள்வி கேட்க 70 வருஷம் ஆனது.

கொட்டைக்குள் புகுந்துகொள்கிற வண்டு கதையும் இதே ரகம். எங்கள் பக்கம் நீலம் பழத்தை அறுத்தால் கொட்டைக்குள்ளிருந்து கருப்பாக ஒன்று நடந்து வருமே, அதுதான் மாங்கொட்டைக் கூன்வண்டு. சின்ன வயசில் 'பழத்துக்குள்ள இது எப்படிப் போச்சு' என்று பாட்டியைக் கேட்டு, 'பூவிலயே போயிடும்டா' என்று பதில் வாங்கியிருக்கிறேன். கிட்டத்தட்டச் சரிதான். காய் பிஞ்சாக இருக்கும்போது தோலில் முட்டை வைக்கிறது. புழு சதையைத் தாண்டிப் பருப்புக்குப் போய்விடுகிறது. போன வழி ஆறி மூடிவிடுகிறது. பழத்தைத் தின்கிறவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதனாலேயே உள்ளூரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அமெரிக்கா எடுத்துக்கொண்டது. அந்த வண்டு அங்கே வந்துவிடக் கூடாது என்று நம் பழத்தை உள்ளே விடாமல் வைத்திருந்து, 2007இல்தான் விட்டார்கள். அதுவும் 400 கிரே கதிர்வீச்சு காட்டிய பிறகு. கதிர்வீச்சுக்கு நாசிக் பக்கம் லாசல்காவில் ஆலை. வண்டு அந்த இடத்திலேயே சாக வேண்டும் என்பதுகூட நிபந்தனை இல்லை, இனம் பெருக்காமல் இருந்தால் போதும். கோடிக்கணக்கில் செலவாகும் அந்த ஏற்பாட்டை நான் கேலி செய்யவில்லை. ஆனால் வண்டுக்கு வருஷத்துக்கு ஒரு தலைமுறைதான். சீசன் முடிந்தால் மரப்பட்டை இடுக்கில் போய் ஒளிந்துகொண்டு அடுத்த பூவுக்குக் காத்திருக்கும். தோப்பில் விழுந்த பழத்தையும் கொட்டையையும் பொறுக்கி அழித்தாலே பாதி வேலை முடிந்தது என்று எல்லா வேளாண் கையேட்டிலும் ஒரு வரி இருக்கிறது. நூறு ஏக்கரில் ஒரு ஊரே சேர்ந்து அந்த ஒரு வரியைச் செய்து பார்த்தால் என்ன ஆகும் என்கிற ஆய்வைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். மருந்து ஒப்பீட்டு ஆய்வுகள் நிறையக் கிடைக்கின்றன. கொட்டை பொறுக்குவதில் யாருக்கும் பட்டம் கிடைக்காது போல.

இவ்வளவு நேரம் கொட்டைக்கு வக்காலத்து வாங்கிவிட்டு, எனக்கு எதிரான வழக்கைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. நான் சந்தேகப்பட்ட ஒரு விஷயத்தில் கொட்டை நிரபராதி. மாம்பூ சுருண்டு, காலிஃப்ளவர் மாதிரி கொத்தாகக் கட்டிக்கொண்டு, காயே பிடிக்காமல் போகும் உருக்குலைவு நோய். தர்பங்காவில் 1891இல் முதலில் எழுதப்பட்டது. வடக்கில் பெரிய தலைவலி, நம் பக்கம் குறைவு. காரணம் வைரஸா, சிலந்திப் பேனா, ஹார்மோனா என்று ஒரு நூற்றாண்டு சண்டை போட்டார்கள். 1966இல் இந்திய ஆய்வாளர்கள் ஃபியூசேரியம் பூஞ்சை என்று சொன்னார்கள். 1999இல் இஸ்ரேலில் அதை அடையாளம் போட்டுத் திரும்பச் செலுத்தி உறுதிப்படுத்தினார்கள். அது எப்படி ஊர் விட்டு ஊர் போகிறது? கொட்டை வழியாக இருக்கும் என்று நான் நினைத்தேன். இல்லை. நோய் கண்ட கிளையிலிருந்து எடுத்த ஒட்டுக்குச்சி வழியாகப் போகிறது. நோய்க்கொத்திலிருந்து உதிர்ந்த பூஞ்சை வித்து நாற்றங்காலில் இருக்கிற இளம் மொட்டில் விழுந்தும் போகிறது. விதைக்குள் அது இருப்பதாகக் காட்ட முடியவில்லை. ஆக நர்சரியில் கீழ்ப் பாதியை மட்டும் கவனித்தாலும் தப்பு. அட்டையில் ரெண்டு பேர் கேட்கிறேன் என்றால் மேல் பேருக்கும் பத்திரம் வேண்டும். எந்தத் தாய் மரம், அதில் நோய்க்கொத்து இருந்ததா என்று.

பேர் என்றதும் நாயக், கங்கோலி எழுதிய தென்னிந்திய மா ரகங்கள் பற்றிய நூலைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1950இல் மதராஸ் அரசு அச்சகம் போட்டது. முந்நூறுக்கு மேற்பட்ட ரகங்களை இலை, பூ, காய், மூக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விவரித்த உழைப்பு. இன்றைக்கு அப்படி ஒரு வேலையை எடுக்க யாருக்கும் பொறுமை இல்லை. நான் மரியாதையோடுதான் சொல்கிறேன். ஆனால் அது பேருள்ள மரங்களின் புத்தகம். ஒரு மரத்துக்குப் பேர் இல்லையென்றால் அதில் அதற்கு ஒரு பக்கமும் இல்லை. அந்த வரையறையே பிறகு வந்த ஆராய்ச்சிக்கும் வேலியாகிவிட்டது. 1970களில் தில்லியில் தசேரியையும் நீலத்தையும் கலந்து மல்லிகா, ஆம்ரபாலி எடுத்தார்கள். பெரியகுளத்தின் பி.கே.எம். 1, பி.கே.எம். 2 ரெண்டிலும் நீலம். ரத்னாவில் நீலம். பெங்களூரின் அர்க்கா நீல்கிரணில் நீலம். வருஷம் தவறாமல் காய்க்கும் என்பதால் நீலத்தை விரும்பினார்கள், நியாயம்தான். ஆனால் இத்தனை பெரிய நாட்டில் சம்பந்தம் பேச அதே நாலைந்து வீடுதானா?

தசேரி என்பதே லக்னோ பக்கத்தில் தசேரி கிராமத்தில் யாரோ துப்பிய கொட்டையில் முளைத்த மரம். லங்கடாவும் அப்படி ஒரு தனி மரம்தான். இன்றைக்கு ஒட்டுரகம் என்று கும்பிடுகிற பெரும்பாலானவை ஒரு காலத்தில் பேரில்லாத கொட்டைக் கன்றுகள். அமெரிக்காவில் இது இன்னும் பளிச்சென்று தெரிகிறது. நம் மல்கோவாவோடு சேர்த்துப் பேசப்படும் 'மல்கோபா' மரம் 1889இல் இந்தியாவிலிருந்து ஃப்ளோரிடாவுக்குப் போனது. காய்ப்பு சுமார்தான். அதன் கொட்டைகளை 1902இல் கேப்டன் ஹேடன் என்பவர் தன் வீட்டில் போட்டார். அதில் ஒரு கன்று 1910இல் காய்த்தது, சிவப்புக் கன்னத்தோடு. அதுதான் 'ஹேடன்'. இன்றைக்கு உலகச் சந்தையில் சிவப்பாகப் பளபளக்கிற பல ரகங்களுக்கு அது பாட்டி. மரபணுச் சோதனையில் ஹேடனின் அப்பா யார் என்றும் தெரிந்தது. 'டர்பன்டைன்' என்று அங்கே நாரும் பிசின் வாசனையுமாக இருக்கிற ஒரு சாதாரண நாட்டு மா. வேடிக்கை என்னவென்றால் அதே டர்பன்டைனைத்தான் அங்கே வேர்ச்செடியாகவும் வைக்கிறார்கள். நாட்டு மரம்தான், ஆனாலும் அதற்கு அங்கே ஒரு பேர் இருக்கிறது.

காஞ்சிபுரத்துக்காரன் மாமரத்தைப் பற்றி எழுதிவிட்டு ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தைச் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். மூவாயிரத்து ஐந்நூறு வருஷம், நாலு கிளை, நாலு ருசி. வயதை நான் தொடவில்லை, அது நம்பிக்கையின் கணக்கு. நாலு ருசியைப் பற்றி மட்டும் கொட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே பல கருக் கொட்டையின் முளைகள் ஒட்டி ஒரே மரமாக வளர்ந்தால் ரெண்டு ருசி வரைக்கும் வரலாம். தாயின் அச்சு ஒன்று, கலவைக் கரு ஒன்று. நாலு வர வேண்டுமானால் நாலு கொட்டை ஒரே குழியில் வளர்ந்திருக்க வேண்டும், இல்லை யாரோ கைதேர்ந்தவர் ஒட்டுக்கட்டியிருக்க வேண்டும். ரெண்டாவதுதான் உண்மை என்றால் நம் ஊர் ஒட்டுத்தொழிலுக்கு அதைவிடப் பெரிய தலபுராணம் வேண்டுமா! இது வெறும் யூகம், இத்தோடு விடுகிறேன்.

இப்போது இதையெல்லாம் எழுத வைத்த மரத்துக்கு வருகிறேன். எங்கள் நிலத்துக்கும் பெரியப்பா நிலத்துக்கும் நடுவில் வரப்பில் ஒரு மாமரம் நிற்கிறது. யாரும் வைத்ததில்லை. பழம் சின்னது, நார், ஊறுகாய்க்குத்தான் ஆகும். ஆனால் என் பங்கனபள்ளிகள் குடித்த அதே உவர்த்தண்ணி பாய்கிற வாய்க்காலில் வேரை விட்டுக்கொண்டு, ஒரு இலை நுனி கருகாமல் நிற்கிறது. பூ எடுக்கிற தை, மாசியில் மற்றதெல்லாம் சாம்பல் நோயில் வெளுத்தபோதும் இதன் பூங்கொத்து அவ்வளவாக வெளுக்கவில்லை. இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஒரு மரம், ஒருத்தன் கண். நிரூபிக்க வேண்டியவர்களுக்கு இந்த மரம் இருப்பதே தெரியாது என்பதுதான் பிரச்சினை.

பெரியப்பா மகன் அண்ணன் இதை வெட்ட வேண்டும் என்கிறான். "நெழல் உழுதுடா. அந்தாண்ட நாலு பாத்தி நெல்லு வெளையறதே இல்ல. இது பழமும் இல்ல, ஒண்ணும் இல்ல." அவன் சொல்வதில் தப்பில்லை. நெல் இழப்பு அவனுக்கு, ஆராய்ச்சி ஆசை எனக்கு. மரவியாபாரியும் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

நெல்லாக இருந்தால் ஒரு படி விதையை எடுத்துக் குளிர்சாதனத்தில் வைத்துவிடலாம். மாங்கொட்டையை அப்படி வைக்க முடியாது. ஒரு மாசம் தாண்டினால் காய்ந்து செத்துப்போகும். அதனால் மாவுக்கு மரமே வங்கி. லக்னோவில் அப்படி நூற்றுக்கணக்கான ரகங்களை மரமாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள். எங்கள் வரப்பு மரம் அங்கே போக அதற்குப் பேரும் இல்லை, சிபாரிசும் இல்லை. ஆனியில் இதன் கொட்டை பத்தைப் பையில் போட்டேன். பல முளை வரும் என்று ஆசையாக இருந்தது. வந்திருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும், கொட்டையைப் போட்டுக்கொண்டே போகலாம். முளைத்த எட்டிலும் ஒற்றை முளைதான். அதாவது எட்டும் எட்டுத் தனி ஆள். தாயிடம் இருக்கிற குணம் எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று தெரிய அதே உவர்த்தண்ணியை ஊற்றி வருஷக்கணக்கில் பார்க்க வேண்டும். தாயை அப்படியே காப்பாற்ற ஒரே வழி ஒட்டுதான். இவ்வளவு நேரம் ஒட்டுக்கன்றைத் திட்டியவன் கத்தியைத் தேடிக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது.

புரட்டாசியில் நல்ல குச்சியாகப் பார்த்து, பத்து நாள் முன்னால் இலையைக் காம்போடு விட்டுக் கிள்ளி, மொட்டு பருத்ததும் வெட்டி எடுத்து, அந்த எட்டுக் கன்றின் மேலேயே கட்டினேன். அதாவது அம்மாவைப் பிள்ளைகளின் தோளில் ஏற்றியிருக்கிறேன். இன்றைக்கு ஐந்து பிடித்திருக்கிறது. பழைய டப்பா மூடியை வெட்டி ஒவ்வொன்றுக்கும் அட்டை கட்டியிருக்கிறேன். மேலே 'வரப்பு மரம்', கீழே 'வரப்பு மரத்துக் கொட்டை', அதற்குப் பக்கத்தில் கன்றின் எண். அண்ணன் தை அறுவடை வரைக்கும் பொறுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.